கான்ஸ்டா, ரீட்ஒன்லியா? ஒரு பினாங்கு ஹோட்டல் பில்லை வைத்துப் பார்ப்போம்

சி ஷார்ப் என்ற புரோகிராம் மொழியைப் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கான்ஸ்ட் (const), ரீட்ஒன்லி (readonly) என்று இரண்டு சொற்கள் எதிரே வந்து நிற்கும். இரண்டையும் போட்டுப் பார்த்தால் நடப்பது ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு மதிப்பை வைத்துவிட்டு, பிறகு வேறு இடத்தில் அதை மாற்றப் போனால் கம்பைலர் (நாம் எழுதுவதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) சிவப்புக் கோடு போட்டு மறித்துவிடும். "அப்புறம் எதற்கு இரண்டு?" என்று கேட்டால், "ஒன்று கம்பைல் நேரத்தில் முடிவாவது, மற்றது ஓடும் நேரத்தில் முடிவாவது" என்று ஒரு வரியில் பதில் வரும். பதில் சரிதான். ஆனால் தேர்வில் எழுத உதவுமே தவிர, நாளைக்கு ஒரு கிளாஸ் எழுத உட்காரும்போது எதைப் போடுவது என்று அது சொல்லாது.

"இந்த மதிப்பு மாறுமா?" என்று கேட்டால் இரண்டுக்கும் "மாறாது" என்றுதான் பதில். ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். மதிப்பு எப்போது முடிவாகிறது, முடிவானபின் எங்கே உட்கார்ந்திருக்கிறது? இந்த இரண்டையும் கேட்டால் வேறுபாடு தானாக வெளியே வரும்.

ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் நாற்பது அறை கொண்ட ஒரு ஹோட்டல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறை வாடகை ஓர் இரவுக்கு 180 ரிங்கிட். கீழே ஒரு ரெஸ்டாரண்ட், காலையில் தோசையும் தே தாரிக்கும் கிடைக்கும். இந்த ஹோட்டலுக்கு பில் போடும் புரோகிராமை நாம் எழுதுகிறோம்.

முதலில் எளிதான ஒன்று. ஒரு ரிங்கிட்டுக்கு நூறு சென்.

பப்ளிக் கான்ஸ்ட் இன்ட் ரிங்கிட்டுக்குச்சென் = 100;

(படிக்க வசதியாக இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருக்கிறேன். கான்ஸ்ட், இன்ட் போன்ற மொழிச் சொற்களை மட்டும் நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஃபீல்டுக்கு, அதாவது கிளாஸுக்குள் ஒரு மதிப்பை வைக்கும் இடத்துக்கு, கொடுக்கும் பெயரை சி ஷார்ப் தமிழிலேயே ஏற்றுக்கொள்ளும், முயன்று பாருங்கள்.)

கான்ஸ்ட் என்று எழுதினால் அதே வரியில் மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும். அது கம்பைலர் அங்கேயே கணக்குப் போட்டு முடிக்கக்கூடிய மதிப்பாகவும் இருக்க வேண்டும். பிறகு புரோகிராமில் எங்கெல்லாம் அந்தப் பெயர் வருகிறதோ, அங்கெல்லாம் கம்பைலர் பெயரைத் தூக்கிவிட்டு 100 என்ற எண்ணையே பொறித்துவிடும். புரோகிராம் ஓடும்போது அந்த ஃபீல்டைப் போய்ப் பார்ப்பது என்ற வேலையே கிடையாது. இன்னொன்று, கான்ஸ்ட் எப்போதும் கிளாஸ் என்ற அச்சுக்குச் சொந்தம், அதிலிருந்து வார்க்கும் ஆப்ஜெக்டுக்கு அல்ல. ஸ்டாட்டிக் (கிளாஸுக்குப் பொதுவானது) என்று தனியாக எழுத வேண்டியதில்லை. எழுதினால் கம்பைலர் ஏற்காது.

நூறு சென் விஷயத்தில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. நம் பணத்துக்கு 1975-இல் ரிங்கிட், சென் என்ற பெயர்கள் வந்தபோதும் நூறுதான், அதற்கு முன்னால் வெள்ளி, காசு என்றிருந்தபோதும் நூறுதான். இதுதான் கான்ஸ்டுக்கு ஏற்ற சரக்கு.

இப்போது வரிக்கு வருவோம். சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

சேவை வரி 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, சேவைவரி என்ற பெயரில் ஒரு கான்ஸ்ட் எழுதி 0.06 என்று போடுகிறோம். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது வரி மாறப் போவதில்லையே! ஆனால் மலேசியாவில் கொஞ்ச காலம் பில் மென்பொருள் எழுதியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். 2011 ஜனவரியில் சேவை வரி 5-லிருந்து 6 ஆனது. 2015 ஏப்ரல் 1-இல் அதை எடுத்துவிட்டு 6 விழுக்காட்டு ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 1-இல் அந்த ஜிஎஸ்டி சுழியம் ஆனது. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி என்ற பெயரில் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன, சேவை வரி மறுபடியும் 6. 2024 மார்ச் 1-இல் அது 8 ஆனது. அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை. உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடச் சேவை ஆகியவை 6-லேயே நின்றன. ஆக, நம் ஹோட்டலில் மாடியில் உள்ள அறைக்கு 8, கீழே சாப்பிடும் தோசைக்கு 6. ஒரே கான்ஸ்டாக இருந்தது மதிப்பு மாறியதோடு நிற்காமல் இரண்டாகவும் பிளந்துவிட்டது.

"சரி, மாறினால் 0.06-ஐ 0.08 ஆக்கி மறுபடி கம்பைல் செய்துவிட்டால் போச்சு" என்று தோன்றும். எழுதிய புரோகிராம் முழுவதும் ஒரே புராஜெக்டில் இருந்தால் உண்மையிலேயே போச்சுதான். மொத்தமும் சேர்ந்து கம்பைல் ஆகும், எல்லா இடத்திலும் புது எண் பொறிக்கப்படும். வகுப்பில் செய்யும் பயிற்சிகளெல்லாம் ஒரே புராஜெக்டில் அடங்கிவிடுவதால், படிக்கும் காலத்தில் இந்தச் சிக்கல் யார் கண்ணிலும் படுவதில்லை.

வேலைக்குப் போனால் நிலைமை வேறு. வரி சம்பந்தப்பட்ட கிளாஸ்கள் ஒரு தனி லைப்ரரியில் இருக்கும், வரி.டிஎல்எல் என்று வைத்துக்கொள்வோம். அறை பில் போடும் புரோகிராம் ஒன்று, ரெஸ்டாரண்ட் கவுண்டர் புரோகிராம் ஒன்று, கணக்காளர் மாதக் கடைசியில் ஓட்டும் அறிக்கை ஒன்று என மூன்றும் அந்த டிஎல்எல்லைப் பயன்படுத்தும். மார்ச் 1 காலையில் நீங்கள் வரி.டிஎல்எல்லில் எண்ணைத் திருத்தி, அந்த ஒரு கோப்பை மட்டும் கம்பைல் செய்து, ஹோட்டல் கணினியில் பழையதன்மேல் போடுகிறீர்கள். புரோகிராமை மூடித் திறந்தாகிவிட்டது. அறை எண் 12-க்கு பில் போட்டால் 180 ரிங்கிட்டுக்கு வரி 10.80 என்றே வருகிறது. வரவேண்டியது 14.40.

டிஎல்எல்லைத் திறந்து பார்த்தால் உள்ளே 0.08 தெளிவாக இருக்கிறது. கணினியையே மூடித் திறந்தாலும் 10.80 தான். காரணம், அறை பில் புரோகிராம் போன வருடம் கம்பைல் ஆனபோதே 0.06 என்ற எண் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. வரிக்காக அது டிஎல்எல்லிடம் எதையும் கேட்பதே இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு புரோகிராம் ஒரு லைப்ரரியிலிருந்து கான்ஸ்ட் மதிப்புகளை மட்டும்தான் எடுக்கிறது என்றால், அந்த டிஎல்எல்லையே அழித்துவிட்டாலும் புரோகிராம் பாட்டுக்கு ஓடும். நாற்பது அறையும் நிரம்பிய ஓர் இரவில் அறைக்கு 3.60 வீதம் 144 ரிங்கிட் குறையும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பிழைச் செய்தி வராத பிழைதான் பொல்லாதது. அது கணக்காளர் கண்ணில் படும்வரை யாருக்கும் தெரியாது.

மார்க்கெட்டில் மீன் விலையைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த மாதமும் அந்த நோட்டைப் பார்த்தே பட்ஜெட் போடுகிற ஆள்தான் கான்ஸ்ட். ரீட்ஒன்லி அப்படியல்ல, ஒவ்வொரு தடவையும் கடைப் பலகையைப் பார்த்து விலை சொல்லும். பலகையில் இருப்பதை வாடிக்கையாளர் அழித்து எழுத முடியாது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அதே சேவைவரியை ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி என்று எழுதியிருந்தால் டிஎல்எல்லை மாற்றிய அன்றே வேலை முடிந்திருக்கும். ரீட்ஒன்லி என்பது நினைவகத்தில் உண்மையாகவே இடம் பிடித்து உட்காரும் ஒரு ஃபீல்ட். அதைப் பயன்படுத்தும் புரோகிராமில் எண் பொறிக்கப்படுவதில்லை, "இந்தக் கிளாஸில் இந்த ஃபீல்டைப் போய்ப் பார்" என்ற குறிப்புதான் பொறிக்கப்படும். புரோகிராம் ஓடும்போது அங்கே போய்ப் பார்க்கும், 0.08 கிடைக்கும். அந்த மதிப்பைப் புரோகிராமிலேயே எழுதி வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. புரோகிராம் தொடங்கும்போது ஒரு செட்டிங் கோப்பிலிருந்து படித்து வைத்துக்கொள்ளலாம். கான்ஸ்டால் அது முடியாது, ஏனென்றால் கம்பைலர் வேலை செய்யும் நேரத்தில் ஹோட்டல் கணினியின் செட்டிங் கோப்பு அதற்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடும்: கான்ஸ்ட் வேண்டாம், ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி போடு, முடிந்தது. எனக்கு இதில் திருப்தி இல்லை.

மார்ச் 5-ஆம் தேதி ஒரு விருந்தினர் போன் செய்கிறார். பிப்ரவரி 20-இல் தங்கியதற்கு பில் நகல் வேண்டும், கம்பெனியில் பணம் கேட்க வேண்டுமாம். நீங்கள் பழைய பில்லை எடுத்து மறுபடி அச்சடிக்கிறீர்கள். இப்போது ஸ்டாட்டிக் ஃபீல்டில் 0.08 இருக்கிறது. அச்சாகி வருவதோ 14.40 வரியுடன் ஒரு பில். அவர் கட்டியது 10.80. ஒரே பில் எண், இரண்டு தொகை!

வரி விகிதம் கிளாஸுக்குப் பொதுவான விஷயமே அல்ல, ஒவ்வொரு பில்லுக்கும் உரியது. பில் பிறந்த அன்று என்ன விகிதமோ அது அந்த பில்லின் ஆயுளுக்கும் மாறக்கூடாது. ஆனால் பக்கத்து பில்லுக்கு அது வேறாக இருக்கலாம். இதைச் சொல்வதற்குத்தான் ஸ்டாட்டிக் இல்லாத ரீட்ஒன்லி இருக்கிறது.

பப்ளிக் ரீட்ஒன்லி டெசிமல் வரிவிகிதம்;

மதிப்பே கொடுக்காமல் விட்டிருக்கிறோம், கவனித்தீர்களா? கான்ஸ்டில் இதற்கு இடமில்லை. ரீட்ஒன்லியில் அறிவிக்கும் வரியில் கொடுக்கலாம், அல்லது ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுக்கலாம். பில் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் தேதியையும் சேவையின் வகையையும் வாங்கிக்கொள்கிறது. 2024 பிப்ரவரி 29, அறை என்றால் 0.06. மார்ச் 1, அறை என்றால் 0.08. மார்ச் 1, உணவு என்றால் 0.06. எதுவோ அதை வரிவிகிதத்தில் வைக்கிறது. கன்ஸ்ட்ரக்டர் முடிந்ததும் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு அந்த பில்லின் விகிதத்தை வேறு எந்த மெத்தடும் (கிளாஸில் எழுதும் செயல்) தொட முடியாது, அதே கிளாஸுக்குள் இருக்கும் மெத்தடாக இருந்தாலும் சரி. தொட்டால் சிஎஸ்0191 என்ற பிழை வரும்.

கன்ஸ்ட்ரக்டருக்குள் இருக்கும்வரை அந்த ஃபீல்டுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் மதிப்புக் கொடுக்கலாம், கடைசியாகக் கொடுத்தது நிற்கும். ஆனால் அந்த வேலையைச் செய்யக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து வேறொரு மெத்தடைக் கூப்பிட்டு, அந்த மெத்தடுக்குள் ஃபீல்டுக்கு மதிப்புக் கொடுக்க முடியாது. மெத்தட் விகிதத்தைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும், ஃபீல்டில் வைக்கும் வேலையைக் கன்ஸ்ட்ரக்டரே செய்யட்டும். புதியவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் இது.

ஒன்றை நினைவில் வையுங்கள். ரீட்ஒன்லி காப்பாற்றுவது நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்டை மட்டும். பில்லை டேட்டாபேஸில் சேமிக்கும்போது விகிதத்தையும் சேர்த்துச் சேமிக்காவிட்டால், மறுநாள் அதைத் திரும்ப உருவாக்கும்போது கன்ஸ்ட்ரக்டருக்கு எதைக் கொடுப்பீர்கள்?

இதே வகையில் இன்னொரு ஃபீல்ட், விருந்தினரின் அடையாள அட்டை எண். செக்இன் செய்யும்போது ஐசியை வாங்கிக் குறித்துக்கொள்கிறோம். பன்னிரண்டு இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14), மீதி நான்கு வரிசை எண். ஆளுக்கு ஆள் வேறு, அதனால் கான்ஸ்டாக வைக்க வழியே இல்லை. ஓர் ஆளுக்குள் மாறாது, ஆகவே சாதாரண ஃபீல்டாகத் திறந்து விடவும் கூடாது. ரீட்ஒன்லிதான். அதை ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வையுங்கள், எண்ணாக அல்ல. 2005-இல் பிறந்தவரின் எண் 05 என்று தொடங்கும், எண் வகையில் போட்டால் முன்னால் இருக்கும் சுழியம் காணாமல் போய்விடும்.

இனி இதற்கு நேர்மாறான ஒன்று. என்றைக்குமே மாறாது, ஆனாலும் கான்ஸ்டாக வைக்க முடியாது. 1957 ஆகஸ்ட் 31-ஐ விட நிலையான மதிப்பு இந்த நாட்டில் வேறு என்ன? மெர்டேக்கா (சுதந்திர தின) சலுகைக்காக அந்தத் தேதியை டேட்டைம் வகையில் ஒரு கான்ஸ்டாக எழுதிப் பாருங்கள். கம்பைலர் ஏற்காது. கான்ஸ்டில் வைக்க முடிந்தவை கொஞ்சம்தான்: எண் வகைகள், பூல் (ஆம்/இல்லை), கேர் (ஓர் எழுத்து), ஸ்ட்ரிங், ஈனம் (enum, பெயரிட்ட எண்களின் பட்டியல்). மற்ற ரெஃபரன்ஸ் வகைகளில் நல் (null, அதாவது வெறுமை) மட்டும்தான் வைக்கலாம். டேட்டைம் என்பது நியூ போட்டு, ஒரு கன்ஸ்ட்ரக்டர் ஓடித்தான் உருவாகும் பொருள். கன்ஸ்ட்ரக்டர் ஓடவேண்டும் என்றால் புரோகிராம் ஓடவேண்டும். கம்பைலர் கணக்குப் போட்டு முடிக்கும் சமாச்சாரம் அல்ல அது. எனவே மெர்டேக்கா நாளுக்கும் ஸ்டாட்டிக் ரீட்ஒன்லிதான். வேறொரு இடத்தில் ஒரு மெத்தட் திருப்பித் தரும் மதிப்பைக் கான்ஸ்டில் வைக்கப் போய் சிஎஸ்0133 என்று வந்தால், அதுவும் இதே காரணம்தான்.

ரீட்ஒன்லியிலும் ஒரு பள்ளம் உண்டு. அறைகள் என்ற பெயரில் ஒரு லிஸ்டை ரீட்ஒன்லியாக வைக்கிறீர்கள். இனி யாரும் அறைப் பட்டியலை மாற்ற முடியாது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே ஒருவர் அறைகள்.ஆட் என்று எழுதி நாற்பத்தோராவது அறையைச் சேர்த்துவிடுவார், கம்பைலர் வாயே திறக்காது. பூட்டியது ஃபீல்டை. ஃபீல்டில் இருப்பது லிஸ்ட் அல்ல, லிஸ்ட் எங்கே இருக்கிறது என்ற ரெஃபரன்ஸ். இந்த லிஸ்டைத் தூக்கிவிட்டு வேறொரு லிஸ்டை அங்கே வைக்க முடியாது, அவ்வளவுதான் உத்தரவாதம். லிஸ்டுக்கு உள்ளே சேர்க்கலாம், நீக்கலாம், எல்லாவற்றையும் காலி செய்யலாம். அரேயும் அப்படியே, அதன் உறுப்புகளை மாற்றலாம். உள்ளடக்கமும் மாறக்கூடாது என்றால் இம்மியூட்டபிள்லிஸ்ட் போன்ற வகையைப் பயன்படுத்துங்கள், அல்லது வெளியே கொடுக்கும்போது ஐரீட்ஒன்லிலிஸ்ட் என்ற இன்டர்ஃபேஸாக மட்டும் கொடுங்கள். இரண்டாவது வழி முழுப் பூட்டு அல்ல. உள்ளே இருப்பது அதே லிஸ்ட்தான், அந்தக் கதவு வழியாக மாற்ற முடியாது என்பது மட்டும்தான். ஸ்ட்ரிங்குக்கு இந்தக் கவலை கிடையாது, அதன் உள்ளடக்கத்தை மாற்ற வழியே இல்லை.

"அப்படியென்றால் அண்ணே, கான்ஸ்டையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் ரீட்ஒன்லியாக்கிவிடலாமே?" என்று ஒரு தம்பி கேட்டான். முடியாதடா தம்பி. சில இடங்களில் கம்பைலருக்கு மதிப்பு அப்போதே தெரிந்தாக வேண்டும். சுவிட்சில் கேஸுக்குப் பக்கத்தில் எழுதுவது, ஒரு மெத்தட் பாராமீட்டருக்குக் கொடுக்கும் இயல்பு மதிப்பு, கிளாஸின் தலையில் சதுர அடைப்புக்குள் எழுதும் ஆட்ரிபியூட்டுக்குக் கொடுக்கும் மதிப்பு, இங்கெல்லாம் கான்ஸ்ட்தான் செல்லும். ஆமாம், பாராமீட்டரின் இயல்பு மதிப்பும் கூப்பிடும் புரோகிராமில் பொறிக்கப்படுவதுதான், ஈனத்தின் எண்களும் அப்படியே. நடுவில் ஒரு ஈனம் பெயரைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள எண்களெல்லாம் ஒன்று தள்ளிப் போகும், பழைய புரோகிராம்கள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்.

வேகத்துக்காகக் கான்ஸ்ட் போடச் சொல்கிறவர்களும் உண்டு. நான் அதை மதிப்பதில்லை. இன்றைய டாட்நெட்டில் அடிக்கடி ஓடும் பகுதிகளை ஜிட் கம்பைலர் (புரோகிராம் ஓடும்போதே வேலை செய்யும் கம்பைலர்) மறுபடி மெருகேற்றும்போது, ஏற்கனவே மதிப்பு அமைந்துவிட்ட ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி எண்களைக் கான்ஸ்ட் போலவே கையாண்டுவிடும். ஹோட்டல் பில்லில் அந்த வேகத்தை யாரும் உணரப் போவதுமில்லை.

வேறு மொழிகளிலும் இதே கதை, பெயர்கள்தான் வேறு. ஜாவாவில் ஃபைனல் ஒன்றுதான், ஆனால் ஸ்டாட்டிக் ஃபைனலில் ஒரு எண்ணையோ ஸ்ட்ரிங்கையோ நேரடியாக எழுதினால் அதுவும் கூப்பிடும் கிளாஸில் பொறிக்கப்பட்டு, நம் 10.80 சிக்கலை அப்படியே கொண்டுவரும். கான்ஸ்ட் என்ற சொல்லை ஜாவா ஒதுக்கி வைத்திருக்கிறது, பயன்படுத்துவதில்லை. கோட்லினில் கான்ஸ்ட் வால், வெறும் வால் என்று பிரித்திருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2015-இல் வந்த கான்ஸ்ட், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், குணத்தில் சி ஷார்ப்பின் ரீட்ஒன்லிக்குத்தான் நெருக்கம். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டை மாற்றலாம். பைத்தானில் பெரிய எழுத்தில் பெயர் வைத்து, மாற்றமாட்டார்கள் என்று நம்புவதுதான் வழக்கம்.

ஏற்கனவே எழுதிய லைப்ரரியில் பப்ளிக் கான்ஸ்டாக ஒரு வரி விகிதமோ விலையோ கிடந்தால், அதை ஸ்டாட்டிக் ரீட்ஒன்லியாக மாற்றும் அன்று அதைப் பயன்படுத்தும் எல்லாப் புரோகிராம்களையும் ஒரு தடவை கம்பைல் செய்தே ஆகவேண்டும், பழையவை இன்னும் பொறித்த எண்ணைத்தான் வைத்திருக்கும். யாராவது அதைச் சுவிட்ச் கேஸில் போட்டிருந்தால் அப்போது கம்பைலர் கத்தும், அதையும் இஃப் ஆக மாற்ற வேண்டியிருக்கும். பிரைவேட் கான்ஸ்ட்களை அப்படியே விட்டுவிடலாம், அவை கிளாஸை விட்டு வெளியே போவதில்லை. ரொக்க பில்லை 5 சென்னுக்கு முழுமையாக்கும் எண்ணை நான் பில் கிளாஸுக்குள் பிரைவேட் கான்ஸ்டாகத்தான் வைப்பேன். 2008 ஏப்ரலில்தான் அந்த விதி வந்தது, நாளைக்கு மாறவும் மாறலாம். ஆனால் மாறினால் திருத்த வேண்டியது ஒரே ஒரு கோப்பு.